இறகு வைத்த படம்

ஜூன் 11, 2024
காரையாரில் மழை. அங்கன்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தன. மற்றவை வீட்டிலேயே கிடக்கட்டும், வழியெல்லாம் வழுக்குகிறது.
மகள் ப்ரீதாவின் பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்காக நாளை அதிகாரி மலைக்கு வருகிறாராம். அது இல்லாமல் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. போன வருஷம் முதலே அலைகிறோம். என் வீட்டுக்காரர் அணையில் படகு வேலைக்கு லீவு சொல்லிவிட்டார்.

ஜூன் 12
அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார்.
"நீங்க காணிக்காரங்கன்னு எதை வச்சும்மா நான் எழுத? உங்க ஆளுகளோட பழைய உடுப்பு, நகைநட்டு எதுவும் இல்லையா?"
என் அம்மாவிடம் இருந்தது. மார்புக்கு மேலே முடிந்த ஒற்றை வேட்டி. கழுத்து நிறையச் சிவப்பும் கறுப்புமாகப் பாசிமணி. காதில் பித்தளை வளையம். அவள் இறந்தபோது பாசியை அவிழ்க்க அப்பா விடவில்லை. அவளோடேயே மண்ணுக்குள் போய்விட்டது. அதைச் சொன்னேன்.
"புதைச்சதை நான் எப்படிம்மா பாக்க? அந்த உடுப்புல ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. ஃபைல்ல வச்சிருதேன்."
சேலை கட்டினால் காணி இல்லையா? அவருடைய தாத்தா மட்டும் பேண்ட்டா போட்டிருந்தார்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளையின் படிப்பு?

ஜூன் 13
என் வீட்டுக்காரர் படம் வேண்டாம் என்கிறார். "வேற அதிகாரி வராமலா போவாரு? பொறுத்துப் பாப்போம் கோமு." அதற்குள் சீட்டெல்லாம் நிரம்பிவிடும். ப்ரீதா முற்றத்தில் நின்றாள். அவள் அழுது கேட்டிருந்தால்கூட மறுத்திருப்பேன். கேட்காமல் நின்றதுதான் தாங்கவில்லை.

ஜூன் 15
வி.கே.புரத்தில் ஸ்டூடியோ. இவருடைய வெள்ளை வேட்டியையும், பேன்சி கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாசியையும் எடுத்துப் போனேன். ப்ரீதாவை வரவேண்டாம் என்றேன். வந்தாள்.
திரைக்குப் பின்னால் ரவிக்கையைக் கழற்றி, அம்மா முடிகிற மாதிரி முடிந்துகொண்டு வெளியே வந்தேன். ஸ்டூடியோக்காரர் தேவசிகாமணி அண்ணாச்சி, பாவம், தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.
"இது ஆத்துக்குக் குளிக்கப் போற மாதிரில்லா இருக்கு. ஆபீஸ்ல ஒத்துக்கிட மாட்டாவ."
பள்ளிக்கூட நாடகங்களுக்கு வாடகைக்கு விடுகிற பெட்டியைத் திறந்து, இறகு வைத்த பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எங்கள் மலையில் எவளும் தலையில் இறகு வைத்ததில்லை. நெற்றியில் கட்டிக்கொண்டேன்.
"நேரா பாருங்கம்மா."
பார்த்தேன். ப்ரீதா என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 24
படம் செல்லும். அதிகாரி அந்த இறகைத் தொட்டுக் காட்டி, "இதைத்தான கேட்டேன்" என்றாராம்.

ஜூலை 19
சான்றிதழ் வந்தது. இவர் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 30
ப்ரீதாவுக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரி, அங்கேயே ஹாஸ்டல். பெட்டி அடுக்கும்போது சிரித்தாள். போதும்.

செப்டம்பர் 22
பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர். மலைவாழ் மக்கள் விழாவாம். நடுவில் நான், ஆள் உயரத்துக்கு. தோள், கழுத்து, இறகு, எல்லாம். பேர் இல்லை.
யார் கொடுத்தார்கள்? தேவசிகாமணி அண்ணாச்சி தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணுகிறார். ஆபீஸுக்கு போன் போட்டால், "நல்லாத்தானம்மா இருக்கு, உங்களுக்குப் பெருமைதான" என்கிறார்கள்.
பஸ்ஸுக்கு நின்ற ஒருவன் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவன் எதுக்குப் பாக்கணும்? என் வீட்டுக்காரர் தவிர எவன் பாத்திருக்கான் என் தோள? பிள்ளைக்குன்னுதான நின்னேன். ஊருக்கா நின்னேன்?

செப்டம்பர் 23
இவர் கீழே போய் அந்தப் பேனரை அறுத்துச் சுருட்டிக் கொண்டுவந்தார். அம்பையில் இன்னொன்று இருக்கிறதாம். திருநெல்வேலியில் எத்தனையோ? எங்கெங்கே போய் அறுப்பார்?

அக்டோபர் 6
ப்ரீதாவைப் பார்க்கப் போனேன். நெல்லிக்காயும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுபோனேன். இவரும் வந்திருக்கலாம், வேலை.
ஹாஸ்டல் வாசலுக்கு அவளோடு ஹம்ஸினி என்ற பெண்ணும் வந்தாள். அறைத் தோழியாம்.
"யாருடி?" என்று ஹம்ஸினி கேட்டாள்.
ப்ரீதா என்னை ஒரு தரம் பார்த்தாள். "எங்க ஊர்க்காரங்க. அம்மா குடுத்து விட்டிருக்கா."
"ஆமாம்மா, அவ அம்மைக்கு லீவு கிடைக்கல. நான் இங்கன ஒரு சோலியா வந்தேன்" என்றேன்.
எப்படி என் வாயில் அது அவ்வளவு சுளுவாக வந்தது?
"உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே அக்கா" என்றாள் ஹம்ஸினி. ப்ரீதாவின் முகத்தில் ரத்தமே இல்லை.
"என்னைப் பாத்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்மா."
பையை வாங்கும்போது ப்ரீதா என் விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. நான் ஒளிந்துகொள்ள நினைக்கிற படத்திலிருந்துதானே அவளும் ஒளிகிறாள்.

அக்டோபர் 7
இவரிடம், "நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 18
ப்ரீதா போன் பண்ணினாள். சனிக்கிழமை கல்லூரியில் பெற்றோர் கூட்டம்.
"அப்பா வந்தாப் போதும்மா. நீ எதுக்கு அலையுத?"
சரி என்றேன். அவளும் உடனே வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

நவம்பர் 23
இவருடைய சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். முதல் பஸ்ஸுக்குப் போனவர் பொழுது சாயத் திரும்பி வந்தார். நன்றாகப் படிக்கிறாளாம், டீச்சர் பாராட்டினாராம்.
"வேற?"
சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார். "காலேஜ் வாசல்லயே நின்னா. என்னைப் பாத்துட்டு எனக்குப் பின்னால பாத்தா. பஸ்ஸுலருந்து எல்லாரும் எறங்கி முடியுத வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா, கோமு."
அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியிலேயே திரும்பவும் தண்ணீர் ஊற்றிக் களைந்தேன்.