தெருவைப் பார்த்த நாற்காலிகள்

அக்டோபர் 6, திங்கள்

தேநீருக்குப் போடும் புதினா வாடிப்போய் வந்தது. கொண்டுவந்தவனிடம் கத்திவிட்டுத் திரும்பினால் கல்லாவுக்கு முன்னால் லல்லா ரகிய்யா நிற்கிறாள். தெருக்கோடி மருந்துக்கடை மாடியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறவள். என் காப்பிக்கடைக்குள் ஒரு பெண் நுழைந்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

ஒரு வரைபடத்தை விரித்தாள். எங்கெங்கே நடக்கப் பயம் என்று பிள்ளைகளே சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய வட்டம் என் கடைமேல்.

“போன வியாழக்கிழமை உங்க நாற்காலியிலேர்ந்து ஒருத்தன் எழுந்து எங்க வகுப்பு ஹனான் பின்னாடியே போயிருக்கான். அவ வீட்டு வாசல்ல கையப் பிடிச்சு இழுத்திருக்கான். இருபது பேர்ல ஒன்பது பேர் வகுப்புக்கு வர்றத நிறுத்திட்டாங்க, பொவாஸா ஐயா. இன்னும் ரெண்டு பேர் நின்னா வகுப்ப மூடணும்.”

நாற்காலிகளைத் திருப்பிப் போட வேண்டுமாம். இந்த மெக்னெஸ் ஊரில் எந்தக் காப்பிக்கடை நாற்காலி தெருவைப் பார்க்காமல் இருக்கிறது? “எவனோ செஞ்சதுக்கு நாற்காலி என்னம்மா பண்ணும்?” என்று கேட்டு அனுப்பிவிட்டேன். என் மகள் வியாமும் அந்த வகுப்புதான். அவள் எதுவும் சொன்னதில்லையே.

அக்டோபர் 8, புதன்

நல்ல மழை. கடைக்கு முன்னால் வியாம் நனைந்துகொண்டே போனாள். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி “ஏ பொண்ணே, நில்லு” என்று கூப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்தாள். மறுபடி கூப்பிட்டேன். ஓடியே போய்விட்டாள்.

வீட்டில் கேட்டேன். “அது நீங்களாப்பா?” என்றாள். “அந்த இடத்துல யாரு கூப்பிடுறாங்கன்னு பாக்குறதில்ல. கால் தானா வேகமாயிடும். எப்பவும் ஹம்மாம் குளியல்கூடத்துப் பக்கமா சுத்தித்தான் போவேன், இன்னிக்கு மழைன்னு இப்படி வந்தேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். “மூணு வருஷமா.”

மூணு வருஷம் — நான் அங்கேயேதானே உட்கார்ந்திருந்தேன்? என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்?

அக்டோபர் 9, வியாழன்

வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் நானும் பரிமாறுகிற மிலூதுமாக எல்லா நாற்காலிகளையும் திருப்பினோம். பத்து மணிக்குள் பாதி பழையபடி தெருவைப் பார்த்தது. இருபது வருஷ வாடிக்கை ஹாஜி அல்லால் கேட்டார்: “செவுத்தப் பாத்துக் காப்பி குடிக்கவா பென்ஷன் வாங்குறேன்?” மிச்சப் பேர் எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார்கள். நன்றாக அசடு வழிந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நானே லல்லா ரகிய்யாவைத் தேடிப் போனேன். “ஒரு கடை திரும்பினா எப்படி? தெருவே திரும்பணும்” என்றாள். தொழுகை முடிந்ததும் தெருவின் மூன்று காப்பிக்கடைக்காரர்களும் மருந்துக்கடைக்காரரும் அவள் வகுப்பில் கூடினோம். என் மனைவி ஒரு தட்டுக் குஸ்குஸ் கொடுத்தனுப்பியிருந்தாள். சாப்பிடும்வரை சண்டை. ஹனான் எழுந்து நடந்ததைத் தன் வாயால் சொன்னாள். அப்புறம் யாரும் சண்டை போடவில்லை.

முடிவு இது. மூன்று கடையிலும் நாற்காலிகள் மேசையைச் சுற்றித்தான். ஹனானை இழுத்தவனுக்கு எங்கும் இடமில்லை. போலீசில் புகார் கொடுக்க மருந்துக்கடைக்காரர் ஹனானின் அப்பாவோடு போகிறார். போகிற பெண்ணிடம் எவனாவது ஒரு வார்த்தை விட்டால் அவன் கண்ணாடிக் குவளையை எடுத்துவிடுவது. அன்றைக்கு அவனுக்கு எந்தக் கடையிலும் தேநீர் கிடையாது. மேசைக்கு மேசை பகடை உருட்டி ஆடும் பர்ச்சிப் பலகை வேண்டும் என்றேன். பிள்ளைகள் துணியிலேயே தைத்துத் தருகிறார்களாம்.

அக்டோபர் 25, சனி

பர்ச்சியில் தோற்ற எரிச்சலோ என்னவோ, ஹாஜி அல்லால் தெருவில் போன ஒருத்தியைப் பார்த்து ஏதோ சொன்னார். போயும் போயும் இவரா. பாதி குடித்த குவளையை எடுத்தேன்.

“எங்கிட்டயாடா?”

“உங்ககிட்ட எடுக்கலேன்னா வேற யாருகிட்ட எடுக்க முடியும், ஹாஜி?”

எழுந்து எதிர்க்கடைக்குப் போனார். அங்கேயும் கொடுக்கவில்லை. மூன்றாவதில் கேட்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 29, புதன்

ஹாஜி வந்தார். முதுகைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்து பகடையை எடுத்தார். சர்க்கரை கூடப் போட்டுத் தேநீர் வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

வகுப்பில் பதினெட்டுப் பேர். வியாபாரமும் குறையவில்லை, பர்ச்சி ஆடுகிறவன் ஒரு குவளையோடு எழுந்திருப்பதில்லை. வரைபடத்தை அழிக்கலாமே என்றேன். “பஸ் நிறுத்தம் இன்னும் செவப்பாத்தான் இருக்கு. வாங்க, டிரைவருங்ககிட்டப் பேசணும்” என்றாள் லல்லா ரகிய்யா. விடமாட்டாள். போகத்தான் போகிறேன்.

நவம்பர் 19, புதன்

மழை. வாசலில் நின்றிருந்தேன். ஹம்மாம் பக்கம் சுற்றாமல் நேராக வந்தாள் வியாம், குடையோடு. கடையைத் தாண்டிப் போனாள். கூப்பிடலாமா என்று பயமாக இருந்தது. போன தடவை மாதிரியேதான், பேர் சொல்லாமல், “ஏ பொண்ணே” என்றேன்.

நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்லம்மா, போ” என்றேன்.