என் கைபேசிச் செயலி கேட்ட அனுமதிகள்

மருமகளுக்கு,

நேற்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் நான், உன் மாமியார், உன் நாத்தனார், நீ. கைபேசி பார்க்கும் நேரத்தை எண்ணி, அளவு மீறினால் மறிக்கும் நேரக் கட்டுப்பாட்டுச் செயலியை என் கைபேசியில் நீ போட்டாய். அது கேட்ட அனுமதிகளைப் பார்த்ததும், "வேவு பாக்கிற சாமானை வீட்டுக்குள்ள விடுறியா?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன். அத்தனையையும் மறுத்தேன். அது ஒரு நிமிடத்தைக்கூட எண்ணவில்லை.

இன்று கைபேசிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "நீங்க எதைத் திறந்திருக்கீங்கன்னு பாக்க விடலைன்னா எப்படி சார் எண்ணும்? திரை மேல வந்து நிக்க விடலைன்னா எப்படி மறிக்கும்? வாட்ச்மேனை வெச்சுட்டு அவன் கண்ணைக் கட்டிட்டீங்களே!" என்றார். அந்த இரண்டையும் கொடுத்துவிட்டேன். மைக்கும் தொடர்பு எண்களும் இந்த வேலைக்குத் தேவையில்லையாம். அவற்றை மறுத்தது சரிதான்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். மாலை நடைக்குப் போகிறேன்.

பி.கு.: மாமனாரை வேவு பார்க்க மருமகள் செயலி போட்டாள் என்று உன் நாத்தனார் உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் நானே போன் செய்து திருத்திவிட்டேன். கைபேசியில் ஆடும் சீட்டாட்டத்தை விட முடியாமல் அதைப் போட்டுத் தரச் சொல்லி உன்னிடம் கேட்டவன் நான்.