சாவி யாரிடம் இருக்கும்

செவ்வாய்க்கிழமை, இரவு

நாளை காலை செல்வியின் இதயத்துக்குள் ஒயரை விடுகிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, துடிப்பைக் கெடுக்கும் இடத்தைச் சுட்டுவிடுவார்களாம். டாக்டர் அவள் பக்கத்தில் நிற்கமாட்டார். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, கைப்பிடியை அசைத்து மெஷினை ஓட்டுவாராம். இன்று மத்தியானம் அவரே சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரும் ஒரகடம் பேக்டரில இப்டிதான் டாக்டர், வெளிய நின்னுகினு ரோபோ ஓட்றாரு" என்று செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் என் லைனில், யாரும் தொடாமலே ரோபோவின் கை ஒரு விரற்கடை நகர்ந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "ரீசெட் பண்ணிட்டு ஓட்டுப்பா, அப்பால பாத்துக்கலாம்" என்றார். ஓட்டினேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரி மெஷினைப் பார்த்துக்கொள்ளவும் என்னைப் போல் ஒருவன் இருப்பான்.

எங்கள் பிளான்ட்டில் ரோபோ கூண்டுக்குள் போகிறவர், கதவில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் போவார். அவர் வெளியே வந்து திறக்கும்வரை யாராலும் மெஷினை ஓட்ட முடியாது. செல்வியிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, படுக்கும்போது கேட்டாள்: "உள்ள போறது நான்தான? சாவி யாராண்ட இருக்கும்?"

"டாக்டராண்ட" என்றேன்.

தூங்கிவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி மெஷினுக்குப் பூட்டே கிடையாது. அவள் உள்ளே இருக்கும்போதுதான் மெஷின் ஓடும்.