கண்ணாடியில் அப்பா

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

பேச்சிராஜ் எழுதுவது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்த பிறகு நான் நலம்தான். தோசையை அடுக்கித் தின்றவனுக்கு இப்போது அரை இட்லி போதும்.

ஊருக்குப் போய்த் திரும்பிய எங்கள் வாட்ச்மேன் சலாவுதீன் அண்ணாச்சி நேற்று என்னை கேட்டில் மறித்தார். "யாரு வே நீரு? பேச்சிராஜ் கார்டு உம்மகிட்ட எப்படி வந்துச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். நம்மை விட்டுப் போன அப்பா அங்கே நின்றார். அதே தாடை, அதே ஒட்டிய கன்னம். இத்தனை வருடம் என் கொழுப்புக்குள் அவர் இருந்திருக்கிறார். உன் பட்டன் போனில் என் முகம் தெரியாதே, அதனால்தான் எழுதுகிறேன்.

என் சட்டையெல்லாம் தொளதொளக்கிறது. அப்பா சட்டை இருந்தால் இங்கே வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடு.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. லீவில் வரும்போது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் செய்கிறேன். கதவைத் திறந்ததும் நீ பதறிவிடக் கூடாது.

உன் மகன்,
பேச்சிராஜ்