லீவில் வந்த சாமியார்

என்னைக் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டு, அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் நீயே சோறு போட்ட என் அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். நீ போயிருக்கிற இடத்தில் நல்லா இல்லாமல் எப்படி இருக்கும்? நாங்களும் நல்லாத்தான் இருக்கிறோம். இந்த வருஷம் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது. போன வாரம் சர்ச்சில் உன் மூணாம் வருஷ நினைவுப் பூசை முடிந்தது. வழக்கம்போல எல்லாருக்கும் முன்னாலேயே பாட்டை நான் பாடி முடித்துவிட்டேன். சாமியார் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

எட்டு மாசக் கைக்குழந்தையாக நான் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது நீ வேண்டிக்கொண்டாயாமே. "இவன் பொழைச்சா உனக்கே தந்துடுறேன் ஆண்டவரே, சாமியாரா வந்து நிப்பான்." நான் பிழைத்துக்கொண்டேன். ஆரோக்கியசாமி என்று பேரும் வைத்தாய். கடைசியில் சாமி பேரோடு நின்றுபோனதுதான் மிச்சம்.

பத்தாவது முடித்ததும் தகரப் பெட்டியோடு, சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துக்குக் கூட்டிப் போனாயே, ஞாபகம் இருக்கா? அதிபர் சாமியார் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "தம்பி, உனக்கு தேவ அழைத்தல் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். கடவுள் உன்னை எப்படிக் கூப்பிட்டார் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "தபால்ல வந்துச்சு சாமி. ஒரு வாரம் லேட்டு" என்றேன். வரச் சொல்லிப் போட்ட கடுதாசியைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மேசையில் விழுந்தது. வெளியே வந்ததும், "என்னடா கேட்டாரு, சாமியார் அப்புடி சிரிக்கிறாரு?" என்றாய். "என்னய புடிச்சிருக்காம்மா" என்றேன்.

நாலு மாசம் இருந்தேன். தியானத்தில் உட்கார்ந்தால் குறட்டை விட்டேன். பாட்டு வகுப்பில் வாயைத் திறந்தால் ஆர்மோனியம் வாசிக்கிற சாமியார் கையை எடுத்துவிடுவார். கடைசியில் அதிபர் தோளில் கைபோட்டு, "கடவுள் உன்ன வேற எதுக்கோ வச்சிருக்காருப்பா" என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷர், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெட்டியோடு வாசலில் நின்றவனைப் பார்த்து நீ கேட்டாய். "என்னடா, லீவா?"

"ஆமாம்மா."

அந்த லீவு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் முடியவில்லை. பத்தாம் நாளே உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் நீ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பெரம்பலூர் பஸ்ஸில் நான் கண்டக்டரானபோதும், கல்யாணம் ஆகி ஜெனி பிறந்தபோதும் சந்தோஷமாகத்தான் இருந்தாய். ஆனாலும் புதுச் சாமியார் யாராவது பூசை வைத்தால் மட்டும் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாய். "ஊரே ஒன்ன சாமின்னு கூப்புடுறத என் காதால கேக்கணும்னு நெனச்சேன்டா." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக அதையே வேறு மாதிரி கேட்டாய். "நேந்துக்கிட்டத நான் செய்யலையே. அவருகிட்ட போயி என்னடா சொல்வேன்?"

மூணு வருஷமாக அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளேயே இருந்தது. சாப்பாட்டில் ஒன்றும் குறைவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூசை முடிந்த மறுநாள்தான் அந்த அதிபுத்திசாலித்தனமான யோசனை வந்தது. ஜெனி பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளை மடத்துக்கு அனுப்பிவிட்டால் உன் நேர்ச்சை தீர்ந்துவிடும் அல்லவா? ஒரு நாள் லீவு போட்டு, அரியலூரில் பஸ் மாறி, திருமானூர் பக்கம் ஒரு கன்னியர் மடத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். "பொண்ணு கேட்டுச்சா?" என்று சிஸ்டர் கேட்டார். "கேக்கும் சிஸ்டர்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தாளை அவள் கையில் கொடுத்தேன். படித்துப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"ஒங்க அப்பத்தா நேந்துக்கிட்டதும்மா. நான்தான் ஓடி வந்துட்டேன். நீயாவது..."

"அப்ப, நேந்துவிட்ட ஆடு ஓடிப்போச்சுன்னு குட்டியப் புடிச்சுக் கட்டுறியா?"

உன் மருமகள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கடவுள் விஷயத்துல கிண்டல் பண்ணாத."

ஜெனியின் கண் கலங்கிவிட்டது. "கிண்டல் இல்லப்பா. நான் விவசாயம் படிக்கணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். என்னயும் அவரு எதுக்காச்சும் கூப்புட்டிருக்க மாட்டாரா? நீ கேட்டியா?"

கேட்கவில்லை. ஆனால் கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்கிற ஆளா நான்? ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். என் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அவளிடம் மட்டும் பேசாமல் மற்ற எல்லாரிடமும் சத்தமாகப் பேசினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்கால டிரிப். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து ஒரு புருஷன் பெண்டாட்டி ஏறுவார்கள், வாரம் ரெண்டு தரம். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். அன்றைக்கு அவருக்கு ரொம்ப முடியவில்லை. அவர்கள் நிறுத்தத்தில் வண்டி நின்றது. பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரனை அழுத்துகிறான்.

"டைம் போவுதுய்யா!" என்கிறார் டிரைவர்.

"சாமி, ஒரு நிமிசம் சாமி. அவரு காலு ஊனட்டும் சாமி" என்று அந்தம்மா கையெடுக்கிறார்.

நான் விசிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். எப்போதும் செய்கிறதுதான். இரண்டு கையையும் கொடுத்து அவரை மெல்ல இறக்கி டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். "ஒம்ம வண்டியில ஏறிரலாம் கண்டக்டரே, எறங்குறதுதான்யா பெரும்பாடு" என்றார் அவர். "அடுத்த தடவ டிரைவரத் தூக்கச் சொல்றேன்" என்றேன். "நல்லா இரு சாமி" என்றார் அந்தம்மா.

வண்டி கிளம்பியதும் ஜெனி எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்தாள்.

"அப்பா, அப்பத்தா எதக் காதால கேக்கணும்னு சொன்னுச்சு?"

நான் டிக்கெட் கட்டைப் புரட்டினேன்.

"இப்ப அவங்க ஒன்ன என்னான்னு கூப்புட்டாங்க?"

"அது... இந்தப் பக்கம் எல்லாரும் எல்லாரையும் அப்புடித்தாம்மா கூப்புடுவாங்க. பால்காரனக்கூட."

"டிரைவர் மாமாவ கூப்புடலயே."

"என்னய ஏன் பாப்பா இழுக்குற?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சில்லறை தேடுகிற மாதிரி பைக்குள் குனிந்துகொண்டேன். கண்ணில் தூசி என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்?

அம்மா, ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பெரிய சாமியார் என்று சொல்ல வரவில்லை. என் லட்சணம் உனக்குத் தெரியும். நேற்றுக்கூட ஃபுட்போர்டில் தொங்கியவனை நான் திட்டியது பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்கிற மாதிரிகூட இல்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ என்னைக் கொடுத்தபோது கடவுள் வாங்கிக்கொண்டிருந்தால்? வாங்கி, குருமடத்தில் நாலு மாசம் உட்கார வைத்துப் பார்த்து, இவன் இதற்கு ஆகமாட்டான் என்று விசிலைக் கையில் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தால்? அந்த அதிபர் சொன்னது ஆறுதல் இல்லை, நிஜமாகவே வழி சொன்னார் என்றால்? இவ்வளவு காலம் நான்தான் தபாலையே எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேனோ?

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பொண்ணு கேக்கலயா?" என்றார் சிஸ்டர். "நான்தான் அவளக் கேக்கல சிஸ்டர்" என்றேன். ஜெனி விவசாயக் கல்லூரிக்கு எழுதிப் போடப் போகிறாள். அவளுக்காக நீயும் அங்கிருந்து ஒரு வார்த்தை சொல்லிவை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குட்டியைக் கட்ட மாட்டேன். இறங்குகிறவர் கால் தரையில் ஊன்றாமல் விசில் ஊத மாட்டேன், பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி. நேர்ச்சையைப் பற்றி ஆண்டவர் கேட்டால், எங்கள் வண்டியைக் காட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றால் நல்லது.

அன்றைக்கு வாசலில் வைத்துச் சொன்ன பொய்யையும் இப்போது திருத்திவிடுகிறேன். லீவு முடிஞ்சிடுச்சும்மா. வேலைக்குப் போயிட்டு வரேன்.

நீ கடவுளுக்குக் கொடுத்த உன் மகன்,
ஆரோக்கியசாமி