எங்கள் ஜன்னலில் நின்ற செம்புச் சுரங்கம்

என் உயிரான நைனாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் இன்று ஆளுயரப் படமாகி ராயபுரத்தில் ஒரு மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது. உள்ளே போக வரிசையில் நிற்கிறார்கள். நீ இருந்திருந்தால் டோல்கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி விசில் அடித்திருக்கமாட்டாயா?

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு பழைய கம்பெனியைக் காலி செய்தபோது நம் காயலான் கடைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே கறுப்புப் படிந்த போட்டோக் கண்ணாடிகள். காயலான் கடைக்காரன் அதை என்ன செய்வான்? காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து, வெறும் கண்ணாடியாக்கி, படத்துக்கு ஃபிரேம் போடுகிற கடைக்கு விற்பான். நீயும் அதற்குத்தான் உட்கார்ந்தாய்.

முதல் கண்ணாடியைத் தேய்த்தபோது ஒரு பெண்ணின் கை உன் துணியோடு போய்விட்டது. அப்புறம் அவள் தலையில் இருந்த கூடை. இடுப்பில் இருந்த குழந்தையும் போன பிறகுதான் உனக்கு உறைத்தது. "அய்யய்யோ, அமுலு! ஆளுங்க கீறாங்கமே இதுல!" என்று நீ போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒன்று போனது போனதுதான். மிச்சத்தை நீ தொடவே விடவில்லை.

பக்கத்துக் கடை பஷீர் பாய்தான் பெட்டி மூடியில் இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னார். "செம்பு தோண்டுற சொரங்கம்னு போட்டுகீது ஏழுமல. ஊரு பேரு அழிஞ்சி பூட்ச்சி."

செம்பு என்றதும் உன் முகமே மாறிவிட்டது. காலமெல்லாம் செம்புக் கம்பி உரித்துச் சோறு போட்டவன் நீ. அதைத் தோண்டி எடுத்தவர்களைக் கழுவி விற்க உனக்கு மனசு வரவில்லை. பெட்டியில் கரையான் ஏறிவிட்டதால், கடைக்குப் பின்னால் நம் வீட்டு ஜன்னலில் சட்டம் அடித்து எல்லாக் கண்ணாடியையும் மாட்டிவிட்டாய்.

அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. வெயில் அடித்தால் ஜன்னலில் வெள்ளை வெளேரென்று முகங்கள் தெரியும். ஆணும் பெண்ணுமாய்ப் பாறை உடைப்பார்கள், கூடை சுமப்பார்கள். நடுவில் தொப்பி போட்ட ஒருத்தன் மட்டும் கன்னங்கரேலென்று கைகட்டி நிற்பான். தெருவே முடிவு கட்டிவிட்டது: இது சீமை, வேலை செய்கிறவர்கள் வெள்ளைக்காரர்கள், கறுப்பாய் நிற்கும் மேஸ்திரி நம்மாள்! அந்த மேஸ்திரியை நினைத்து நீ அடித்த அலட்டல் கொஞ்சமா? போகிறவனை வருகிறவனை எல்லாம் இழுத்து வந்து, "பாத்தியா மாமு, நம்மாளு வெள்ளக்காரன வேல வாங்கிகினு கீறான்" என்பாய்.

அம்மா மட்டும் ஜன்னலில் பாவாடையைத் தொங்கவிடாமல் குளிக்கமாட்டாள். "பேஜாரு புடிச்ச மனுசன், பேயெல்லாம் கூட்டியாந்து வூட்டுல குந்த வச்சிகீது" என்று திட்டுவாள்.

ஆனால் உனக்கு ஒரு குறை இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதையே சொன்னாய். "மூஞ்சி சரியா தெரிலமே. யாருன்னு ஒருவாட்டி பாத்துட்டா தேவல." பார்க்காமலேயே போய்விட்டாய். எனக்கு அது ஆறவே இல்லை நைனா.

நீ போன பிறகு தம்பி குமார் சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்கக் கிளம்பினான். "அக்கா, அந்தக் கண்ணாடிய கழுவித் தள்ளிடலாம்." டிரம்மில் காஸ்டிக்கைக் கூடக் கரைத்துவிட்டான். "நைனா கண்ணாடி மேல கைய வச்சிப் பாரு, ஒடிச்சிருவேன்" என்றேன். அவனும் விடவில்லை. இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். சரி, ஒரு போட்டோவாவது எடுத்து வைப்போம் என்று போனைத் தூக்கினேன்.

என் போன் கதை உனக்குத் தெரியாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் கூசுகிறது என்று, செல்போன் கடைக்காரர் திரையில் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றிவைத்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் அதில் பேய் மாதிரிதான் தெரிவார்கள், பழகிவிட்டது. அந்தப் போனை ஜன்னலுக்கு நேரே காட்டினேன்.

நைனா, நம்ம சனம்! கறுத்த முகம், எண்ணெய் வழியும் தலை, வெள்ளை முண்டாசு. பேய்கள் எல்லாம் மனிதர்களாகி என்னையே பார்த்தார்கள். தொப்பி போட்ட உன் மேஸ்திரி இருக்கிறானே, அவன்தான் வெள்ளைக்காரத் துரை! சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்துவிட்டது எனக்கு. குமார் போனைப் பிடுங்கிப் பார்த்தான். அவனே போய் டிரம்மை மூடினான்.

அப்புறம் விஷயம் பரவி, பழைய படங்களைத் தேடி எடுத்துக் காட்சி வைக்கிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இதெல்லாம் நெகட்டிவ், கறுப்பும் வெள்ளையும் மாறித்தான் தெரியும் என்றார்கள். பத்திரமாய் இறக்கி, பெரிதாய்ப் பிரதி எடுத்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் மண்டபத்தில் படத்துக்குக் கீழே "தனியார் சேகரிப்பு" என்று ஒட்டிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! "யாருய்யா அந்தத் தனியாரு? எங்க நைனாவுக்குப் பேரு இல்லியா?" இப்போது ஒவ்வொரு படத்தின் கீழும் கொட்டை எழுத்தில் இருக்கிறது: காயலான் கடை ஏழுமலை வீட்டு ஜன்னல்.

திறப்பு நாளில் நம் செம்புக்கம்பி சனம் மொத்தமும் வந்தது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் கம்பி பொறுக்கும் கன்னிம்மா ஒரு படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. "தோ பாரு அமுலு, என்னிய மாதிரியே சும்மாடு சுத்திகினு கீறா" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். பஷீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழுமல ஜெயிச்சிட்டான்" என்றார்.

நீ கழுவிய அந்த முதல் கண்ணாடியை நான் விற்கவில்லை. உன் படத்துக்குப் போட்டிருப்பது அதைத்தான். அந்தப் படத்தையும் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் மாட்டினேன். யாரும் குறுக்கே வரவில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணூரிலிருந்து வந்த ஒரு அம்மா உன்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "இவரும் அந்தச் சொரங்கத்து ஆளாம்மா?"

"ஆமாம்மா. கடைசியா வந்து சேந்தவரு" என்றேன்.

செம்பு தோண்டிய ஊர் எங்கே இருந்தாலும் இந்தப் படங்களை அங்கே கொண்டுபோவேன் நைனா. "இது எங்க சனம்" என்று ஒருவராவது சொல்லும்வரை விடமாட்டேன். எங்கே போனாலும் வரிசையின் கடைசியில் நீ இருப்பாய்.

உன் கடையில் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் மூத்த மகள் அமுலு