மாடிப்படியில் நின்று பேசும் அப்பா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பழக்கத்தில் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை உள்ளதை எழுதிவிடுகிறேன். போனில் சொல்ல வழியில்லை, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அவரிடம் சத்தம் போட்டுப் போட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

கொஞ்ச நாளாக உன் அப்பா ஊருக்கே நல்லவராகிவிட்டார். எலக்ட்ரிக் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் நேரே மேலே வருவதில்லை. லிஃப்ட் வழக்கம்போல் படுத்துக் கிடக்கிறது. முதல் மாடியில் நின்று ரிட்டயர்டு வாத்தியாரிடம் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார், இரண்டாவது மாடியில் தையல்காரம்மா வாசலில் நின்று மெஷின் சரியாக ஓடுகிறதா என்று கேட்கிறார். ஒயரும் சுவிட்சும் தவிர வேறு பேச்சு அறியாத மனுஷன். தையல்காரம்மா என்னிடம், அக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரி அன்பா விசாரிக்கிறவங்க இந்தக் கட்டடத்துலயே கிடையாது, எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, நான் விழுந்து கெடந்தாலும் டிவியத்தான் பாக்கும் என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வயசானதும் மனசு கனிந்துவிட்டது, என் பிரார்த்தனை வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் கரண்ட் பில் கட்டிவிட்டு வரும்போது அவர் எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தார், நான் வருவது தெரியாது. வாத்தியார் வீடு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். விசாரிப்பெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க என்று அந்தப் பரிசோதனைப் பெண் கத்தக் கத்த முகம் சிவக்க ஊதினார். முதல் வேகம் நன்றாகவே இருந்ததாம். அதைக் கேட்டதும், பாத்தியா, இரும்பு நெஞ்சு என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரிய குழாய்கள் பரவாயில்லை, அதிலிருந்து பிரிந்து பிரிந்து கடைசியில் நூல் மாதிரி போகிற சின்னக் குழாய்கள்தான் சிகரெட் புகையில் வீங்கித் தடித்துச் சுருங்கிவிட்டன என்றார். மூச்சை விடும்போது அவை மூடிக்கொள்கின்றனவாம், பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, புதுக் காற்றுக்கு இடமில்லை. இத்தனை வருஷம் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். அந்தச் சின்னக் குழாய் ஏகப்பட்டது இருக்கும்மா, ஒவ்வொண்ணாப் போகும்போது நுரையீரல் காட்டிக்கொடுக்காது, மிச்சத்த வச்சு சமாளிச்சுக்கும், படியேற முடியலைன்னு தெரியறப்போ நிறைய போயிருக்கும் என்றார். கெட்டுப் போனதை முழுசாகத் திருப்ப முடியாது, இன்றைக்கே விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், மூச்சோடு உறிஞ்சுகிற மருந்து கொஞ்சம் துணை நிற்கும், அவ்வளவுதான்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா. விடுகிறேன், பெரியவன் லீவில் வரும்போது ஒரு பெட்டி சிகரெட் கொண்டு வருவானே, அதோடு சரி என்றார். நீ கொண்டு வருவதைப் பீரோவில் என் கணக்கு நோட்டுகளைத் தள்ளிவிட்டு அங்கே வைத்துப் பூட்டுகிறார், கடைக்கு வருகிறவர்களிடம் மகன் வாங்கி வந்தது என்று காட்டிவிட்டுத்தான் பற்ற வைக்கிறார். நீ ஆசையாகத்தான் வாங்குகிறாய், எனக்குத் தெரியாதா. மொட்டை மாடியில் இரண்டு பேரும் நின்று புகை விடுகிற நேரம்தான் அப்பனும் மகனும் வாய் திறந்து பேசுகிற நேரம் என்பதும் தெரியும். காய்ந்த துணியை எடுக்க வந்தவள் உங்கள் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் பாதிப் படியிலேயே திரும்பியிருக்கிறேன்.

இந்தத் தடவை வெறுங்கையோடு வா. மாடிக்குப் போ, அவரோடு நில். முதலில் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது, பேச்சும் வராது. வராவிட்டால் போகட்டும், சும்மா நில்லுங்கள். அதோடு நீயும் உன் ஊர் டாக்டரிடம் போய் அந்தக் குழாயை ஒரு தடவை ஊதிப் பார்த்துவிடு. எனக்கு இருமலே இல்லம்மா, தினம் ஓடுறேன்மா என்று சொல்லாதே, உன் வயதில் அப்பாவும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறியவர்தான். சின்னக் குழாய்கள் அப்போதே கெட ஆரம்பித்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு உன் முகம்தான் வந்தது. இரண்டு பேர் மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்க என்னால் ஆகாது கண்ணு, களைத்துவிட்டேன்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. கடவுள் உங்களைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இதை மடிக்கப் போகும்போது அப்பா எட்டிப் பார்த்து, பெரியவனுக்கா எழுதுற, வழக்கமா ஒண்ணுதானே கொண்டு வருவான், ரெண்டு பெட்டியா கொண்டு வரச் சொல்லு, கடைசித் தடவைதானே என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடவுளுக்குப் பயந்தவள், பொய் சொல்ல முடியாது, அதனால் அவர் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். ஒன்றுகூடக் கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா